மருந்துக்கு அளவு உண்டு, மின்சாரத்துக்கும் உண்டு!

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை, பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர். அங்கே இன்ன அறையில் இத்தனை பேர், இன்ன மருந்து இவ்வளவு என்று கணக்கு உண்டு. "கொஞ்சம் கூடப் போட்டால் சத்தம் கூடுமே!" என்று போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? அந்த ஊர்ச் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள்.

கம்ப்யூட்டருக்கும் இதே நியாயம்தான்.

பக்கத்துச் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் தயாரிப்பதும், காலண்டருக்குப் படம் சேர்ப்பதும் இன்று கம்ப்யூட்டரில்தான். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. வாங்கிய கம்ப்யூட்டரையே இன்னும் வேகமாக ஓட்ட ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் "ஓவர்கிளாக்கிங்".

கசியும் தொட்டிகள்

வேலை நடக்கும்போது விவரங்களைக் கம்ப்யூட்டர் "ராம்" என்ற நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இன்றுள்ள ராமுக்கு வழிகாட்டியவர் ஐ.பி.எம். கம்பெனி விஞ்ஞானி ராபர்ட் டென்னார்ட். 1968-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ராமுக்குள் கோடிக்கணக்கான குட்டித் தொட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பதில் மின்சாரம். நிறைந்த தொட்டி "ஒன்று". காலித் தொட்டி "பூஜ்யம்". தொட்டிகள் கசியும். ஆகவே விநாடிக்குப் பல தடவை அவற்றை மறுபடி நிரப்ப வேண்டும்.

வேகம் எப்படிக் கூடுகிறது?

"டி.டி.ஆர்.5" என்ற ராம் முதலில் வந்தபோது, ஒரு கம்பியில் விநாடிக்கு 480 கோடி தடவை விவரம் போய் வந்தது. அதற்கு நிர்ணயித்த மின் அழுத்தம் 1.1 வோல்ட். 600 கோடி தடவை ஓடும் ராமும் கடையில் கிடைக்கிறது. அதற்கு 1.35 வோல்ட் போலக் கொடுக்கிறார்கள்.

வேகம் கூடினால் ஒன்று எது, பூஜ்யம் எது என்று பிரித்தறிய நேரம் போதாது. அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் அடையாளம் தெளிவாகிறது. ஆனால் உஷ்ணமும் கூடுகிறது.

பிராசஸர் கருகியது!

ராமை நிர்வகிக்கும் பகுதி பிராசஸருக்குள் இருக்கிறது. வேகமான ராம் போட்டால் அதற்கும் அழுத்தம் கூட்டுவது வழக்கம். அங்கேதான் வந்தது வினை.

2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் ஏ.எம்.டி. கம்பெனி தயாரித்த ரைசன் 7000 ரகப் பிராசஸர்களில் சில கருகிப்போயின. அவற்றைப் பொருத்தியிருந்த மதர்போர்டுகளும் கருகின. அந்தப் பகுதிக்கு 1.3 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஏ.எம்.டி. வரம்பு கட்டியது. மதர்போர்டுக் கம்பெனிகள் அந்த வரம்பைப் "பயாஸ்" என்ற ஆரம்ப நிரலில் சேர்த்தன.

இதனால் ராமின் வேகம் குறைந்ததா? இல்லை! வேகமான ராமுக்கு இந்த வரம்பு தடை அல்ல என்று கம்பெனியே அறிவித்தது.

வீட்டில் செய்யலாமா?

செய்யலாம், நிதானமாக. முதலில் வாரண்டிச் சீட்டைப் படியுங்கள். ஓவர்கிளாக்கிங் செய்தால் சிலவற்றுக்கு வாரண்டி கிடையாது. புதிய பயாஸ் போட்டுக்கொள்ளுங்கள். ராம் கம்பெனியே பதிந்து அனுப்பும் "எக்ஸ்.எம்.பி." அல்லது "எக்ஸ்போ" அளவைத் தேர்ந்தெடுங்கள். திரையில் தெரியும் வோல்ட்டை மதர்போர்டுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். பிறகு "மெம்டெஸ்ட்86" என்ற சோதனையைச் சில மணி நேரம் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஒரு பிழைதானே என்று விடக்கூடாது. கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கல்யாணப் போட்டோ கெட்டிருக்கும். கடைக் கணக்கில் ஓர் எண் மாறியிருக்கும். பல நாள் கழித்துத்தான் தெரிய வரும்.

மருந்து தவறினால் ஊருக்கே கேட்கும். வோல்ட் தவறினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. ஆகவே போட்டோவுக்கும் கணக்குக்கும் முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். வேகத்தைப் பிறகு கூட்டலாம்!