விதைக்கென ஒதுக்கும் மக்காச்சோளம்: குறைந்தது பங்கு, கைமாறியது உரிமை

புது தில்லி: மத்திய நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வைக்கும் பொருளாதார ஆய்வறிக்கையில், உணவு தானியப் பட்டியலுக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு பல்லாண்டுகளாக இடம்பெற்று வந்துள்ளது. மொத்த விளைச்சலில் 87.5 சதவீதமே நிகர உற்பத்தியாகக் கொள்ளப்படுகிறது, எஞ்சிய 12.5 சதவீதம் விதை, தீவனம், சேதாரம் ஆகியவற்றுக்கு உரியது என்பதே அக்குறிப்பு.

எட்டில் ஒரு பங்கு என்ற இக்கணக்கு மக்காச்சோளத்துக்குச் சற்றும் பொருந்தாது. இப்பயிரில் பாதிக்கு மேல் தீவனமாகவே செல்கிறது. விதைக்கு வேண்டிய பங்கோ ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தச் சிறு பங்கை இப்போது ஒதுக்கி வைப்பவர் யார் என்பதுதான் நாடாளுமன்றம் வரை எட்டியுள்ள கேள்வி.

கணக்கு சொல்வது என்ன?

1950-51-இல் நாட்டில் சுமார் 32 லட்சம் ஹெக்டேரில் மக்காச்சோளம் பயிராயிற்று. விளைச்சல் ஏறத்தாழ 17 லட்சம் டன். ஹெக்டேருக்கு 20 கிலோ விதை என்ற பொதுவான அளவைக் கொண்டால், அன்று விதைக்குத் தேவைப்பட்டது சுமார் 63 ஆயிரம் டன். அதாவது, விளைச்சலில் மூன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல்.

2022-23-இல் பரப்பு ஒரு கோடி ஹெக்டேரைத் தாண்டியது. விளைச்சல் 3 கோடியே 80 லட்சம் டன். அதே அளவில் கணக்கிட்டால் விதைத் தேவை 2 லட்சம் டன்னுக்குச் சற்று மேல். எடையில் இது மூன்று மடங்குக்கு மேல் உயர்வு. ஆனால், விளைச்சலில் இதன் பங்கு அரை சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஹெக்டேருக்கு சுமார் 550 கிலோவாக இருந்த மகசூல் மூன்றரை டன்னாக உயர்ந்ததே இதற்குக் காரணம்.

மகசூல் இன்னும் கூடினால் பங்கு இன்னும் குறையும் என்பதற்கு அமெரிக்கா சான்று. ஹெக்டேருக்கு 10 டன்னுக்கு மேல் விளையும் அந்நாட்டில் விதைக்குச் செல்வது விளைச்சலில் 0.2 சதவீதமே.

குதிரிலிருந்து கடைக்கு

எனினும், இந்த அரை சதவீதத்தின் பெரும்பகுதியை விவசாயி தன் களத்திலிருந்து எடுத்து வைப்பதில்லை. கடையில் காசு கொடுத்து வாங்குகிறார். 1957-இல் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1961-இல் முதல் ஒட்டு ரகங்கள் வெளியாயின. 1988-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதைக் கொள்கையும் 1991-இன் தாராளமயமும் தனியார் விதை நிறுவனங்களுக்கு வாசலை அகலத் திறந்தன. 2001-இல் விதைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கே புது விதை வாங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் அது பாதியைத் தாண்டியது.

ஒட்டு ரகத்தின் இயல்பே இதற்கு அடிப்படை. இரு வேறு தாய் வழிகளைக் கலந்து பெறும் விதை முதல் தலைமுறையில் செழித்து விளைகிறது. அந்த விளைச்சலிலிருந்தே விதை எடுத்து மறு ஆண்டு விதைத்தால், பண்புகள் சிதறி, பயிர் ஏற்றத்தாழ்வாக வளர்ந்து, மகசூல் சரிகிறது. ஆகவே, ஆண்டுதோறும் கடைக்குப் போவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை. சட்டம் விதிக்காத தடையை இங்கு பயிரே விதித்துவிடுகிறது.

பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், சேலம், தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் பருத்தியையும் சோளத்தையும் ஒதுக்கிவிட்டு மக்காச்சோளம் பரவியது இந்த ஒட்டு விதையின் துணையால்தான். ஏக்கருக்கு 8 கிலோ விதை வேண்டும். மழை பொய்த்து முளை கருகினால் மறுபடியும் அதே செலவு. முன்பு குதிரில் மிச்சமிருந்த தானியம் மறு விதைப்புக்கு உதவியது. இன்று கடன்தான் உதவ வேண்டும். 2018-இல் படைப்புழு தாக்கியபோது, விதைக்கும் மருந்துக்கும் வாங்கிய கடன் ஒருசேர விவசாயியின் தலையில் விழுந்தது.

மறுபக்கமும் உண்டு. ஒட்டு விதை இல்லாமல் இந்த மகசூல் இல்லை. தமிழகத்தின் கோழிப் பண்ணைகளும், தீவனத்துக்கு வெளி மாநிலங்களையே நம்பியிருக்கும் கேரளமும் இந்த விளைச்சலால்தான் இயங்குகின்றன. எத்தனால் ஆலைகளும் இப்போது போட்டிக்கு வந்துவிட்டன. பழைய விதைக்குத் திரும்புங்கள் என்று விவசாயியிடம் சொல்வது எளிது. வருமான இழப்பை ஈடு செய்வது யார் என்பதற்கு விடை வேண்டும்.

இன்றும் விதை காப்போர்

ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, துங்கர்பூர், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, குஜராத்தின் தாஹோத் ஆகிய பழங்குடி மாவட்டங்களில் மக்காச்சோளம் இன்றும் அன்றாட உணவு. தேர்ந்த கதிர்களை மட்டையோடு அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டு விதைக்குக் காக்கும் வழக்கம் மலைப்பகுதிகளில் இன்னும் மறையவில்லை. ஆனால், மக்காச்சோளம் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். தூய விதைக்கு அண்டை வயலிலிருந்து குறைந்தது 200 மீட்டர் இடைவெளி தேவை. சுற்றிலும் ஒட்டு ரகம் பரவினால், சிறு நிலத்தில் பாரம்பரிய விதையைத் தூய்மையாகக் காப்பது கடினம்.

நெல்லில் இந்த நெருக்கடி இல்லை. கொச்சி நகரின் வைற்றிலையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அதன் ஆய்வுப் பொருளான பொக்காளி, எறணாகுளம் கரையோரத்தின் உவர் நிலத்தில் விளையும் நெல். தன் மகரந்தச் சேர்க்கைப் பயிராதலால் அறுவடையில் எடுத்து வைத்த நெல்லே மறு ஆண்டும் குணம் மாறாமல் முளைக்கிறது. அங்கு சாகுபடிப் பரப்பு சுருங்குவதுதான் ஆபத்து. மக்காச்சோளத்தில் பரப்பு பெருகப் பெருக விதை கைநழுவுகிறது.

சட்டத்தின் முன்

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை அளிக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பது மட்டுமே அவருக்கு விலக்கு. 2004-இல் மாநிலங்களவைக்கு வந்த விதைகள் மசோதா, விவசாயி விற்கும் விதைக்கும் தர வரம்பு விதிக்க முனைந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. நிலைக்குழு 2006-இல் அறிக்கை அளித்த பின்னும் மசோதா நிறைவேறவில்லை. 2019-இல் ஒரு வரைவும், 2025 நவம்பரில் மற்றொரு வரைவும் வெளியாயின. விவசாயி தன் விதையைச் சேமிக்கும் உரிமையைக் கடைசி வரைவும் எழுத்தில் ஏற்கிறது.

சேமித்துப் பயனில்லாத விதைக்குச் சேமிக்கும் உரிமை மட்டும் போதாது. மக்காச்சோள விவசாயிக்கு வேண்டியது வேறு: முளைக்காத விதைக்கு உடனடி இழப்பீடு, நியாயமான விலை, பல்கலைக்கழக ரகங்கள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் நிலை, சேமித்து விதைக்கத்தக்க ரகங்களிலும் தொடர் ஆராய்ச்சி.

அரை சதவீதம் என்பது பட்டியலில் சிறு எண். மீதி தொண்ணூற்றொன்பதரை சதவீதமும் அதிலிருந்துதான் முளைக்கிறது.