உப்பங்கரை – 9: துப்புரவு முடிந்தது என்று யார் எழுதுவது?

மரக்காணம் அளத்தில் கண்ணாடிக் குழலை நீரில் மிதக்கவிட்டு உப்புச் செறிவின் ‘டிகிரி’ பார்ப்பார்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. 25ஐ நெருங்கினால்தான் பாத்தியில் உப்பு பூக்கும். அதற்குள் பத்துக் குடம் நீர் ஒரு குடமாகச் சுண்டியிருக்கும். நீரில் வேறு ஏதாவது கரைந்திருந்தால் அதுவும் கூடவே செறியும். அதனால்தான் மாசு, துப்புரவு என்ற பேச்சு வந்தால் இந்தக் கரைக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் இறங்கியது. மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். அந்தக் கால்வாயின் தென்கோடிதான் மரக்காணம்.

இப்படிப்பட்ட துப்புரவுகளை அரசு எப்படித் தணிக்கை செய்கிறது? தலைமைக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து வருபவர்கள் முதலில் கோப்பைத்தான் கேட்பார்கள். பணம் ஒதுக்கினார்களா, செலவானதா, ஒப்பந்தம் விதிப்படி விடப்பட்டதா? செயல்திறன் தணிக்கை என்றால் ஒருபடி மேலே போய், நினைத்த காரியம் நடந்ததா என்றும் பார்ப்பார்கள். துறையின் பதிலையும் வாங்கிச் சேர்த்த அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போகும். பிறகு பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும். 2022இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கடலோரச் சூழல் பற்றிய அறிக்கை, மன்னார் வளைகுடாத் தீவுகளைக் காக்கத் தமிழகத்திடம் உத்தியே இல்லை என்று எழுதியது. பயனுள்ள வேலை, மறுக்கவில்லை.

ஆனால் மண்ணில் எவ்வளவு நஞ்சு மிஞ்சலாம் என்ற அளவைத் தணிக்கையாளர் நிர்ணயிப்பதில்லை. கொடைக்கானலைப் பாருங்கள். இந்துஸ்தான் லீவரின் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பாம்பார் சோலையை ஒட்டிய மண்ணில் கலந்த பாதரசம் மட்டும் அங்கேயே கிடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது ஏற்கப்பட்ட இலக்கு. மலையடிவாரம் வரை நீர் இறங்கும் சோலையோரத்துக்கு இது மிகத் தளர்வான அளவு என்று ஆர்வலர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். 19 மில்லிகிராம் மிஞ்சினாலும் கோப்பில் ‘துப்புரவு முடிந்தது’ என்றே இருக்கும். எந்தத் தணிக்கையும் அதில் குறை காண வழியில்லை.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். 90 நாளில் முதற்கட்ட ஆய்வு நடக்க வேண்டும். அப்போது நாடெங்கும் கண்டறியப்பட்டிருந்த இடங்கள் 103. வேலை தொடங்கியிருந்தவை ஏழே ஏழு. கடலில் கலக்கும் எண்ணெய் இந்த விதிகளுக்குள் வராது என்பது கடற்கரைக்காரர்களுக்குப் பெரிய ஓட்டை.

மரக்காணத்து அளக்காரர்களுக்கும் மீனவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விபத்து நடக்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் கால்வாய் நீரிலும் சேற்றிலும் இன்று என்ன இருக்கிறது என்ற ஆய்வக அளவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். இல்லையென்று பதில் வந்தால், எடுக்கச் சொல்லி ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். அந்த எண் கையில் இல்லாவிட்டால், நாளை எந்தத் தணிக்கையாளர் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

(தொடரும்)