மட்டை அடுக்குவதும் வேலைதான்!



செம்பனையில் குலை வெட்டும்போது கூடவே மட்டையும் விழுகிறது. அதை நிரை விட்டு நிரை அடுக்கி வைக்கச் சொல்கிறார்கள். "குலைக்குத்தானே காசு, மட்டைக்கு எவன் கொடுக்கிறான்?" என்று நம்மவர்கள் முணுமுணுப்பது நாம் அறியாததல்ல. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மட்டை மண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் மரம் மட்டையும் தண்டுமாக வளர்கிறது. கொளுத்தினால் அந்தக் கரி உடனே புகையாகி வானத்துக்கே போய்விடும். பூமியின் சூட்டையும் கூட்டும். மண்மேல் மக்கவிட்டால் பெரும்பகுதி மெல்லக் காற்றோடு போனாலும் ஒரு பகுதி மண்ணிலேயே தங்கும். ஈரம் நிற்கும். மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகாது.

முன்பெல்லாம் மறுநடவு என்றால் பழைய மரங்களைச் சாய்த்துத் தீ வைப்பார்கள். லயமெல்லாம் புகை, பிள்ளைகளுக்கு இருமல். பிறகு மரத்தைத் துண்டுபோட்டு நிரையிலேயே மக்கவிடும் முறை வந்தது. 1997 புகைமூட்டத்துக்குப் பின் திறந்தவெளி எரிப்புக்கு எதிரான சட்டமும் கடுமையானது.

வெற்றுக்குலையும் அப்படித்தான். ஆலைக்கு 100 டன் குலை போனால் சுமார் 22 டன் வெற்றுக்குலையாக வெளியே வரும். அதில் சாம்பல் சத்து நிறைய உண்டு. ஆனால் குவியலாகக் கொட்டினால் உள்ளே காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயு கிளம்பும், காண்டாமிருக வண்டும் குடியேறும். ஒற்றை அடுக்காகப் பரப்புவதே முறை.

சரி, பரப்புவது யார்? அடுக்குவது யார்? நாமும், நம்மோடு வெட்டுகிற இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும்தானே!

2020 முதல் எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் கட்டாயமாகிவிட்டது. மண்ணைக் காக்கிறோம், தீ வைப்பதில்லை என்று காட்டித்தான் கம்பெனி அதை வாங்க வேண்டும். அப்படியானால் அந்த வேலைக்கான நேரமும் கூலியில் ஏற வேண்டாமா? டன் கணக்கு பேசும்போது குலையை மட்டும் நிறுத்துவிட்டு, மட்டையை இனாமாக எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

தோழர்களே, ஒரு நிரையில் மட்டை வெட்டி அடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். சான்றிதழ் தணிக்கைக்கு வருகிறவர்கள் தொழிலாளியையும் விசாரிப்பார்கள்; அப்போது தலையைச் சொறியாமல் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோவார்கள். எழுதி வைத்த கணக்கோடு போனால், மானேஜர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.