சைபீரியாவிலிருந்து வராத விருந்தாளி

காளி பூஜை முடிந்து விடியற்காலையில் மெல்லிய பனி இறங்கத் தொடங்கியதும் கொல்கத்தாவின் பறவை ஆர்வலர்கள் பைனாகுலரைத் துடைத்து எடுக்கிறார்கள். தெற்கே இருப்பவர்களுக்கு ரவீந்திர சரோவர் பக்கம். 1920களில் சதுப்பு நிலத்தை மேடாக்க மண் தோண்டியதில் உருவான ஏரி இது. 1958இல் தாகூர் பெயரைப் பெற்றது. இமயச் சரிவிலிருந்து இறங்கும் நீலநிற ஈப்பிடிப்பானையும், வடகிழக்கு ஆசியாவிலிருந்து வரும் பழுப்புக் கீச்சானையும் இதன் கரை மரங்களில் பார்க்கலாம். ஆனால் துடுப்புப் படகுகள் ஓடும் திறந்த நீரில் வாத்துகளுக்கு என்ன வேலை? அவற்றைப் பார்க்க ஹூக்ளியைக் கடந்து, சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டிய ஜீலுக்கு, அதாவது ஏரிக்குப் போகவேண்டும்.

அங்கே ஆகாயத்தாமரைத் திட்டுகளின் மேல் ஆயிரக்கணக்கான பறவைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். கரையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் “சைபீரியாவிலிருந்து வந்தவை” என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை சைபீரியாவைக் கண்டதே இல்லை. அவை சீழ்க்கைச் சிறகிகள். வங்காளிகள் ‘சரால்’ என்பார்கள். நம் ஊர் ஏரிகளிலும் வாழும் பறவைதான்.

பிறகு ஏன் குளிர்காலத்தில் மட்டும் இப்படித் திரள்கின்றன? விடை மழையில் இருக்கிறது. பருவமழையில் வயல், குட்டை, பள்ளம் எல்லாம் நிரம்பும்போது இவை ஜோடி ஜோடியாகச் சிதறிப் போய் இனப்பெருக்கம் செய்கின்றன. மரப்பொந்திலோ, காகமோ பருந்தோ கைவிட்ட கூட்டிலோ, தண்ணீரோரப் புதரிலோ முட்டையிடும். ஆணும் மாறி மாறி அடைகாக்கும். வடக்கத்தி வாத்துகளில் ஆண் பெரும்பாலும் அதற்கு முன்பே நழுவிவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே செம்பழுப்பு நிறம் என்பதால் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. ஐப்பசி கடந்து குட்டைகள் வற்றும்போது, வளர்ந்த குஞ்சுகளோடு பாதுகாப்பான பெரிய நீர்நிலைக்கு வந்து சேர்கின்றன. எல்லை தாண்டாத உள்ளூர் வலசை இது.

பகலில் பார்த்தால் சோம்பேறிக் கூட்டமாகத் தெரியும். உண்மையில் அது இரவு வேலைக்காரர்களின் உறக்கம். இருட்டத் தொடங்கியதும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் மேயப் போகும். நெல்மணி, நீர்த்தாவரம், நத்தை எல்லாம் இரை. பறக்கும்போது ஈரசைச் சீழ்க்கை விடாமல் கேட்கும். நீண்ட கழுத்து, மெதுவான சிறகடிப்பு, வாலுக்குப் பின்னால் நீளும் கால்கள் ஆகியவற்றை வைத்து அந்த நேரத்திலும் இனம் காணலாம். ஆகவே விடியலைவிட மாலையில் போவதையே நான் சொல்வேன்.

உண்மையான தூரதேசத்து விருந்தாளிகளும் உண்டு, சிறு எண்ணிக்கையில். கூரிய நீண்ட வாலும் வெண்கழுத்துமாகத் தெரிவது ஆண் ஊசிவால் வாத்து. செம்பழுப்புக் கூட்டத்துக்குள் அதைத் தேடிப் பிடிப்பதில்தான் சாந்த்ராகாச்சியின் சுவையே.

அலிப்பூர் உயிரியல் பூங்கா ஏரியிலும் ஒரு காலத்தில் குளிர்காலத்தில் சிறகிகள் குவிந்தன; சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்தபின் வரத்து மெலிந்துவிட்டது. ரயில் சத்தத்துக்குப் பழகிய பறவைக்கு, பறந்து இறங்கும் வழியை மறிக்கும் கட்டடம் வேறு விஷயம் போலும்.

சாந்த்ராகாச்சியில் சிக்கல் ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் களை ஏரியை முழுக்க மூடினால் இறங்க நீர் இருக்காது. முழுக்க அகற்றினால் உட்கார இடம் இருக்காது. எனவே ஒவ்வோர் ஆண்டும் குளிருக்கு முன் களையை வாரி, திட்டுத் திட்டாக மட்டும் விட்டுவைக்கிறார்கள். அந்த வேலை பறவைகள் வந்துசேரும் முன் முடிந்துவிட வேண்டும். தாமதமானால் வந்தவை வேறு நீர் தேடிப் போய்விடுகின்றன.