காற்றைக் குடிக்கும் கார்!

பலூனை நன்றாக ஊதி, வாயைக் கட்டாமல் விட்டுப் பாருங்கள். காற்று ஒரு பக்கம் 'புஸ்' என்று சீற, பலூன் எதிர்ப்பக்கம் பறக்கும். ஜெட் கார் ஓடுவதும் இப்படித்தான்!

சாதாரண காரில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஜெட் காரில் சக்கரம் சும்மா உருளும், அவ்வளவுதான். இன்ஜின் முன்பக்கமாகக் காற்றை உறிஞ்சி, பல மடங்கு அமுக்கி, அதில் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளைத் தெளித்து எரிக்கிறது. சூடான வாயு பின்னால் பீறிட, கார் முன்னால் பாய்கிறது. உஸ்மான் ரோடு சிக்னலில் இப்படி ஒரு கார் நின்றால், பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் கதி என்ன ஆகும்?

இந்த வகையில் ராஜா, பிரிட்டனின் 'த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி.'. பாண்டம் போர் விமானத்தில் இருந்ததைப் போன்ற இரண்டு இன்ஜின்கள், சுமார் 10 டன் எடை. ரப்பர் டயர் தாங்காது என்பதால் அலுமினியச் சக்கரங்கள்!

1997 அக்டோபர் 13ம் தேதி, அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் இது ஒலியையே முந்தியது. ஆனால், சாதனை கிடைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடிக் காட்ட வேண்டும் என்பது விதி. திரும்பி ஓடுவதற்குள் கொஞ்சம் நேரமாகிவிட்டது! விடவில்லை அவர்கள். 15ம் தேதி விமானப்படை விமானி ஆண்டி கிரீன் மறுபடி ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு 1,227 கி.மீ.! மயிலாப்பூர் தெப்பக்குளத்தில் இருந்து தி.நகர் பனகல் பூங்காவுக்கு நேர்கோட்டில் போனால், சுமார் 12 நொடிதான். இன்றுவரை எந்தக் காரும் இதை மிஞ்சவில்லை.

ஏன்? காற்றுதான் காரணம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அடையாறு பாலத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்! ஒலியின் வேகத்தை நெருங்கும்போது எதிர்ப்பு இன்னும் கடுமையாகிவிடும்.

'அப்படியானால் காற்றையே எடுத்துவிட்டால்?' என்று யோசிக்கிறார்கள், அடையாறுக்குப் பக்கத்திலேயே படிக்கும் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள். 'ஆவிஷ்கார்' என்ற இவர்களது குழு, 'ஹைப்பர்லூப்' வண்டியை உருவாக்கி வருகிறது. நீண்ட குழாயில் இருந்து காற்றில் பெரும்பகுதியை வெளியேற்றிவிட்டு, உள்ளே வண்டியை விடுவது இவர்கள் திட்டம். தையூரில் உள்ள ஐ.ஐ.டி. வளாகத்தில் 422 மீட்டர் நீளச் சோதனைப் பாதை அமைத்திருக்கிறார்கள்.

சரி, அந்தக் குழாய்க்குள் ஜெட் காரை விட்டால் இன்னும் வேகமாகப் போகுமா? போகவே போகாது! உறிஞ்சுவதற்கு அங்கே போதுமான காற்று ஏது? அதனால்தான், அங்கே வண்டியைத் தள்ளுவதற்கு மின்காந்தங்களின் விசையைப் பயன்படுத்துகிறார்கள்.