ஏட்டுச்சுவடி மீட்பும் தமிழ் மறுமலர்ச்சியும்

ஏட்டுச்சுவடி மீட்பு என்பது 19ஆம் நூற்றாண்டில், அழியும் நிலையிலிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, அச்சிட்ட பணியாகும். ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கால மனிதநேயவாதிகளின் பணியுடன் இது ஒப்பிடத்தக்கது. இங்கு மனிதநேயம் என்பது இரக்க குணத்தைக் குறிப்பதன்று. இலக்கணம், கவிதை, வரலாறு, அறம் ஆகியவற்றைப் பழைய நூல்களின் வழியே கற்கும் கல்வி நெறியைக் குறிக்கும்.

ஐரோப்பாவில்

இந்நெறி 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வலுப்பெற்றது. பெட்ரார்க் 1345இல் வெரோனா நகரில் சிசெரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். போஜ்ஜோ 1417இல் லுக்ரீசியசின் நூலை மீட்டார். பழமையைத் தேடியவர்களே புதுமைக்கும் வழிவகுத்தனர். பெட்ரார்க்கின் இத்தாலிய சானெட்டுகள் ஆங்கிலக் கவிதை வரை செல்வாக்குப் பெற்றன. பழைய நூல்களில் தோய்ந்த மொந்தேய்ன் 1580இல் தம் கட்டுரைகளை வெளியிட்டு, அவ்வடிவத்திற்கு வித்திட்டார்.

தமிழில்

ஆறுமுக நாவலர் தொடங்கிவைத்த பதிப்புப் பணியைச் சி. வை. தாமோதரம்பிள்ளை முன்னெடுத்தார், 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டு உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. பின்னர் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவற்றை அவர் பதிப்பித்தார். கரையானுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் இரையாகிக்கொண்டிருந்த சுவடிகளுள் எஞ்சியவற்றை ஊர் ஊராகச் சென்று திரட்டி, பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, அவர் இப்பணியைச் செய்தார்.

திருவாமாத்தூரின் பங்கு

விழுப்புரம் அருகிலுள்ள திருவாமாத்தூர், இரட்டைப்புலவர் பாடிய கலம்பகம் பெற்ற தலம். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) இங்கு மடம் அமைத்து வாழ்ந்து, இவ்வூரிலேயே மறைந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைப் 'புலவர் புராணம்' எனச் செய்யுளில் பாடினார். தம் வாழ்க்கையையும் 'குருபர தத்துவம்' என்னும் நூலில் பதிவு செய்தார். பதிப்பாசிரியர்கள் சுவடிச் சான்றுகளை நாடினர். சுவாமிகளோ செவிவழிச் செய்திகளையும் பாட்டில் காத்தார். ஆகவே புலவர் புராணத்தை நேரடி வரலாற்றுச் சான்றாகக் கொள்ளாமல், புலவர்களைப் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த நம்பிக்கைகளின் பதிவாகவும் படித்தல் வேண்டும்.

ஒற்றுமையும் வேறுபாடும்

இவ்விரு இயக்கங்களிலும் நூல் மீட்பே இலக்கிய மாற்றத்திற்கு அடிப்படையாயிற்று. ஆனால் இலத்தீன் அக்காலத்தில் கற்றோர் மொழி. தமிழோ மக்கள் பேசும் தாய்மொழி. ஆதலால் மீட்கப்பட்ட நூல்கள் அறிஞர்களோடு நின்றுவிடாமல் பாடநூல், மேடை, புதுக்கவிஞர்களின் பாட்டு எனப் பரவின. அவை அச்சேறாதிருந்தால், கண்ணகியின் கதையை இன்றைய மாணவர் இளங்கோவடிகளின் சொற்களில் படிக்கும் வாய்ப்பே இராது.