கறுப்புச் சிப்பாய் ஈ வளர்ப்பில் வெப்பநிலை எல்லைகள்

பூச்சிகள் புறவெப்ப உயிரிகள். அவற்றின் உடல்வெப்பம் சூழலைச் சார்ந்தது. ஆதலின், வெப்பம் மிக மிக அவற்றின் வளர்ச்சி விரையும் என்றும், வெப்பமண்டல நாடுகள் பூச்சி வளர்ப்புக்கு இயல்பாகவே ஏற்றவை என்றும் கொள்ளப்படுகிறது. முதற்கூற்று ஓர் எல்லை வரையே மெய். இரண்டாவது கூற்றை, மீன், கோழித் தீவனத்துக்காக வளர்க்கப்படும் கறுப்புச் சிப்பாய் ஈயை (ஹெர்மீசியா இல்லூசென்ஸ்) முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

டாம்பர்லின், ஆட்லர், மையர்ஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இப்புழுக்கள் 27, 30, 36 பாகை செல்சியசில் வளர்க்கப்பட்டன. முதலிரு வெப்பநிலைகளில் 74 முதல் 97 விழுக்காட்டுப் புழுக்கள் ஈக்களாயின. 36 பாகையிலோ 0.1 விழுக்காடே. 27 பாகையில் வளர்ச்சி நிறைவுற, 30 பாகையைவிட ஏறத்தாழ 4 நாள் கூடுதலாயிற்று. ஆக, 3 பாகை உயர்வு 4 நாளை மிச்சப்படுத்துகிறது. மேலும் 6 பாகை உயர்ந்தால் அடுத்த தலைமுறையே ஏறக்குறைய இல்லாதொழிகிறது.

இவ்வெண்ணை அப்படியே விளைச்சல் இழப்பாகக் கொள்வது பொருந்தாது. தீவனத்துக்குரிய புழுக்கள் ஈயாகும் முன்னரே அறுவடை செய்யப்படுகின்றன. அடி விழுவது இனப்பெருக்கத்துக்கென ஒதுக்கப்படும் கூட்டத்தின்மீது. ஈக்கள் வெளிவராவிடின் முட்டைகள் இல்லை. வளர்ந்த ஈ திட உணவின்றியே இணைசேர்ந்து முட்டையிட வல்லது; புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பே அதன் முதல். எனவே கொழுக்க வைக்கும் தட்டையும் இனப்பெருக்கக் கூட்டத்தையும் ஒரே வெப்பநிலையில் பேணுவது சரியன்று என்பது என் கருத்து.

அறையின் வெப்பமானி காட்டுவது புழு உணரும் வெப்பநிலையும் அன்று. நெருங்கிச் செறிந்த புழுக்களின் வளர்சிதைமாற்றமும் நுண்ணுயிர்ச் சிதைவும் படுகையைச் சூடாக்குவதால், அது அறையைவிடப் பல பாகை மிகுந்திருக்கும். குப்பைமேட்டுப் புழு சூடு மிகுந்தால் விளிம்புக்கு நகர்ந்து தப்பும். அந்நகர்வே அதன் முதன்மையான வெப்பத் தகவமைப்பு. சுவர் சூழ்ந்த தட்டு அதனைப் பறித்துவிடுகிறது. சென்னையின் மே மாதப் பகல்வெப்பம் 36 பாகையைக் கடப்பது இயல்பு. அந்நிலையில் படுகையின் ஆழத்தையும் புழுச்செறிவையும் குறைத்தல், காற்றோட்டத்தைக் கூட்டுதல் ஆகியன முதலில் செய்யத்தக்கவை. குளிரூட்டியை நாடினால், மின்செலவு உயர்வதோடு கழிவிலிருந்து குறைந்த ஆற்றலில் புரதம் என்னும் இவ்வளர்ப்பின் அடிப்படை வாதமும் வலுவிழக்கும்.

வெப்பந்தாங்கும் கால்வழியைத் தேர்ந்தெடுத்து உருவாக்குவது மற்றொரு வழி. ஆனால் உயிர்பிழைத்த புழுவை மட்டும் எண்ணும் தேர்வு இதற்குப் போதாது. அதன் ஈ இடும் முட்டைகளையும் அவற்றின் பொரிப்பையும் அளவிட வேண்டும்.